வயிற்றில் வரைந்த கோடு

இருமலை நான் ஒரு நோயாகவே மதித்ததில்லை. பத்து நாள் இருமினேன். பதினோராம் நாள் காலை, ஒரு பெரிய இருமலோடு தொப்புளுக்கு வலப்புறம் சுரீரென்றது. வாயுப் பிடிப்பு என்று முடிவுகட்டி வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்தேன். கணவர் போனபிறகு மர்பி டவுன் வீட்டில் நோயாளியும் நான்தான், டாக்டரும் நான்தான். இதயத் துடிப்பு சீராக இல்லையென்று, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள் நான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. மதியத்துக்குள் அந்த இடம் தேங்காய் மூடி அளவுக்குப் புடைத்து நீலம் பாரித்தது. தலை சுற்றியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் நீட்டிய படிவத்தில் அட்டெண்டர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதினேன்.

"பேஷண்ட் பேரு இல்ல மேடம். கூட வந்தவங்க பேரு."

"கூட வந்ததும் நான்தாம்மா" என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார். "தலைய மட்டும் தூக்குங்க." தூக்கினேன். வயிறு இறுகியதும் வலி உயிரை எடுத்தது. "உள்ள குடல்ல இல்ல, மேல தசையில ரத்தம் கசியுது" என்றார். ஸ்கேனும் அதையே சொன்னது. ஒத்தடத்தைப் பற்றிச் சொன்னபோது தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஐஸ் வெச்சிருக்கணும் மேடம்." மாத்திரையை நிறுத்தினார்கள். கசிவு தானாக நின்றால் பிழைத்தேன்; நிற்காவிட்டால் இரத்தக் குழாயை அடைக்க வேண்டும்.

நீலத்தைச் சுற்றி நர்ஸ் மார்க்கரால் கோடு போட்டாள். "இத தாண்டுதான்னு பாக்கணும் ஆண்ட்டி. நான் வந்து வந்து பாப்பேன்." மாலையில் ஒரு விரல் அகலம் தாண்டியது. ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அவள் புதுக் கோடு போட்டாள். இரண்டு மணிக்கொருமுறை வந்து, குனிந்து, "வலி எப்டி இருக்கு?" என்று கேட்டாள். அப்படி என்னை யாரும் கேட்டு நான்கு வருடமாயிற்று. மறுநாள் அவள் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "நின்னுடுச்சு. வீக்கம் கரைய சில வாரமாகும். மாத்திரைய எப்ப ஆரம்பிக்கணும்னு சொல்றேன். நாளைக்குக் காலையில வீட்டுக்குப் போலாம். சந்தோஷம்தானே?"

தலையாட்டினேன். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் நர்ஸைக் கூப்பிட்டேன்.

"கோட்டத் தாண்டின மாதிரி இருக்கு. இன்னொரு தடவ பாரும்மா."

அவள் குனிந்து, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். தாண்டவில்லை என்று எனக்குத் தெரியும்.