கல்லில் ஒரு சிண்ட்ரிங்கர்

ஸில்லா சிண்ட்ரிங்கருக்கு அந்தப் பெயர் பிறந்த வீட்டில் கிடைத்ததல்ல. அவள் பிறந்தது சக்டன் குடும்பத்தில். யார்க்‌ஷயரில் ஹெபிள்ஷா என்கிற எங்கள் நெசவாலை ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு சக்டன் தலையில்தான் விழும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் நாடு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பதினோரு பேருக்கு மேல் தேறாத ஒரு பெயருக்கு வாழ்க்கைப்பட்டாள்.

அந்தப் பதினோரு பேரும் பன்றிக்கறிக் கடைக்காரர்கள், அல்லது கடைக்காரர்களின் பெண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் மூலம் ஜெர்மனியின் தெற்கே ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்று. அங்கே நிலத்தைத் துண்டு போட மாட்டார்கள். மூத்த மகனுக்கு நிலம், மற்றவனுக்குக் கறிவெட்டும் கத்தி, ஒரு கப்பல் சீட்டு. முதலில் வந்த சித்தப்பா சண்டர்லாந்தில் கடை போட்டார். பிறகு அண்ணன் மகன்களை ஒவ்வொருவராக வரவழைத்தார். காட்லோப் ஹெபிள்ஷாவுக்கு வந்தான், அவன் தம்பி கார்ல் கடலோரத்து ஹல் நகரத்துக்குப் போனான். ஒரே ஊரில் இரண்டு சிண்ட்ரிங்கர் கடை வைக்கக்கூடாது, ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவே ஒரு மணி நேர ரயில் பயணமாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட சட்டம். அண்ணன் தம்பி வாடிக்கையாளருக்காக அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான். அதனால் அந்தப் பெயர் நாட்டில் எங்கெங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ரயில்பாதையைப் பார்த்தாலே போதும்.

காட்லோப்பைக் கட்டிக்கொண்ட அன்றே ஸில்லா சட்டப்படி ஜெர்மன்காரி ஆகிவிட்டாள். புருஷன் எந்த நாடோ பெண்டாட்டியும் அந்த நாடு. அதைச் சொல்லி அவளைச் சீண்டியபோதெல்லாம் சிரித்தாள். 1914இல் ஜெர்மனியோடு போர் மூண்டதும் சிரிப்பு நின்றது. காட்லோப் பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிந்துகொள்ளவே இல்லை. "பன்னி நம்மளப் பாத்து எந்த நாடுன்னா கேக்குது?" என்பான். பன்றி கேட்கவில்லை, போலீஸ் கேட்டது. அவனைப் பிடித்துத் தீவு முகாமில் போட்டார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி அங்கேயே செத்தான். 1915 மே மாதம், ஜெர்மன்காரர்கள் பயணிக் கப்பலை மூழ்கடித்த ஆத்திரத்தில் கடைக் கண்ணாடியை உடைத்தவர்களில் பாதிப் பேர் ஸில்லாவோடு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்தவர்கள். வாரா வாரம் அவள் போலீஸ் நிலையத்துக்குப் போய் 'பகை நாட்டு அன்னியர்' என்ற ஏட்டில் கையெழுத்துப் போட்டாள். பிறந்த வீடு அந்த நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அன்றிலிருந்து அவள் யாரிடமும் நல்ல வார்த்தை பேசியதாக யாருக்கும் நினைவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை என்பேன்.

பெயர் உதிர ஆரம்பித்தது. சண்டர்லாந்துக்காரர்கள் சாண்டர்சன் ஆனார்கள். கார்ல் எப்போதோ பிரஜையாகப் பதிந்துகொண்டவன். அவன் பத்திரம் எழுதி சார்லஸ் சட்க்ளிஃப் ஆனான். சட்க்ளிஃப் எங்கள் பக்கத்தில் மழைக்கு முளைத்த காளான் மாதிரி எங்கும் இருக்கிற பெயர். நல்ல மறைவிடம்தான். ஹல்லில் அவன் கடையும் நொறுங்கிப் போயிருந்தது. 1916இல் ஒரு நாள் ஸில்லாவின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, கடை சும்மாதானே பூட்டிக் கெடக்கு. நான் தெறக்கறேன். எம் பேச்சு ஹல்லுப் பேச்சு, ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. ஆனா நான் அண்ணன் கூடப் பொறந்தவன்னு நீங்க வாயத் தெறக்கக்கூடாது. எட்கர் பெரியவனானதும் கடை அவனுக்குத்தான்."

மகனுக்காக அவள் ஒத்துக்கொண்டாள். சட்க்ளிஃப் என்று பலகை ஏறியது. அதே கறி, அதே காட்லோப்பின் மசாலா போட்ட அதே சாசேஜ். கண்ணாடியை உடைத்தவர்கள் சனிக்கிழமை காலையில் வரிசையில் நின்று, "ஒரு வழியா நம்மாளு கடை" என்று சப்புக்கொட்டித் தின்றார்கள். ஸில்லா ஆலைக்குத் தறி ஓட்டப் போனாள். ஊர்க்கண்ணில் பழைய கடைக்காரிக்கும் புதிய கடைக்காரனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மறு வருஷம் எட்கருக்குப் பட்டாளத்து அழைப்பு வந்தது. பதினெட்டு முடிந்த பையன். சித்தப்பன் கார்ல் தன் புதுப் பெயரில் போய்ச் சேரச் சொன்னான். எட்கர், "அப்பா பேர்லயே போறேன்" என்றான். ஜெர்மன் பெயர் என்று தெரிந்ததும் துப்பாக்கி தரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றே வைத்திருந்த தொழிலாளர் படையில் சேர்த்து மண்வெட்டியைக் கொடுத்தார்கள். 1918 மார்ச்சில் பிரான்சில் சாலை போட்டுக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. குண்டு அவன் பெயரைக் கேட்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஊர்ச் சந்தை முக்கில், சட்க்ளிஃப் கடைக்கு நேர் எதிரே, போரில் செத்தவர்களுக்குக் கல் நாட்டத் தீர்மானித்தார்கள். பெயர்ப் பட்டியலை ஒரு மாதம் நூலகத்தில் தொங்கவிட்டார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதிப் போடலாம். ஆட்சேபம் வந்து, எழுதியவரே மாத முடிவுக்குள் திரும்பப் பெறாவிட்டால் அந்தப் பெயர் கல்லில் ஏறாது. பட்டியலில் 177ஆவது பெயர் எட்கர் சிண்ட்ரிங்கர். கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கமிட்டி எழுத்தர் ஹார்ஸ்ஃபால் ஸில்லாவை ஆளனுப்பி அழைத்தார்.

"உக்காருங்க மிஸஸ்... மன்னிச்சுக்கங்க, உங்க பேரு எனக்கு வாயில நொழைய மாட்டேங்குது."

"ஏழு வருஷமா போலீஸ்காரன் வாயில நொழஞ்சுதே. நிக்கிறேன், சொல்லுங்க."

"ஒரு ஆட்சேபம் வந்திருக்கு. கையெழுத்து இல்ல. 'மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்'னு போட்டிருக்காங்க. உங்க பையன் கையில துப்பாக்கியே இல்லையாம், எதிரி ரத்தமாம், எங்க பிள்ளைங்க பக்கத்துல அந்தப் பேரு இருந்தா கல்லுக்கே தீட்டுன்னு... இது நான் சொல்லலைம்மா, எழுதியிருக்கறது."

"காட்டுங்க."

"அது முறையில்ல."

"எம்பிள்ளயத் தூக்கிப் போடறது மட்டும் முறையா? காட்டுங்கறேன்."

ஹார்ஸ்ஃபால் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். பள்ளிக்கூட வாத்தியார் மெச்சுகிற அழகான ஆங்கிலக் கையெழுத்து. ஆனால் 177இல் இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு கோடு இழுத்திருந்தது. ஒன்று என்ற எண்ணுக்கு நீண்ட மூக்கு.

"ஏழைப் போட்டுட்டுக் குறுக்க அடிச்சிருக்காங்க பாருங்க. அழுதுகிட்டே எழுதியிருப்பாங்க, பாவம்" என்றார் ஹார்ஸ்ஃபால்.

அது அடித்தல் இல்லை என்று ஸில்லாவுக்குத் தெரியும். இருபது வருஷம் காட்லோப் கடைப் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதிய ஏழு அது. அந்த ஆற்றங்கரைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏழு எழுத அப்படித்தான் கற்றுக் கொடுப்பார்கள். அங்கே படித்த தம்பிக்காரன் பெயரை மாற்றினான், பேச்சை மாற்றினான், கோவிலை மாற்றினான். விரலை மாற்ற மறந்துவிட்டான். இப்போது ஊரில் அப்படி எழுதுகிற கை ஒன்றே ஒன்றுதான்.

உதடுவரை வந்த பெயரை அவள் விழுங்கினாள். சொன்னால் என்ன ஆகும்? ஜெர்மன்காரன் விதவை பேச்சு எடுபடுமா? எடுபட்டாலும், ஒரு ஜெர்மன்காரனுக்கு இன்னொரு ஜெர்மன்காரன் எதிரி, இந்தச் சனியனே வேண்டாம் என்று கமிட்டி இரண்டு பேரையும் சேர்த்துத்தான் துடைத்துப் போடும். எட்கர் கல்லில் ஏற வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நேரே கடைக்குப் போனாள். கூட்டம் கலையும்வரை வரிசையில் நின்றாள். கார்ல் கறிவெட்டும் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேணும்மா?" என்றான், யாரோ மாதிரி.

"ஒரு ஏழு போட்டுக் குடு."

அவன் கை நின்றது. கதவைப் பார்த்தான். பிறகு போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தான்.

"அண்ணி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கல்லு எங்க வருது? எங்கடைக்கு எதுக்க. தினம் காலையில கதவத் தெறந்தா அந்தப் பேரு. ஊரே நின்னு வாசிக்கும். 'இந்தக் கடை யாரோடதா இருந்துச்சு? இந்த சாசேஜு யாரு செஞ்சது?'ன்னு ஒருத்தன் கேட்டாப் போதும், மறுபடியும் கண்ணாடி ஒடையும்."

"அதுக்குப் பெத்த தாய் வேஷமாடா கட்டுவே? வெக்கமாயில்ல?"

"அந்தப் பேரு இந்த நாட்டுல எங்க இருக்கு, சொல்லுங்க! சண்டர்லாந்துல இல்ல, ஹல்லுல இல்ல. நீங்க ஒருத்திதான். நீங்களும் சக்டன் வீட்டுப் பொண்ணு. உங்களோட அது முடிஞ்சுது. செத்த பேருக்கு எதுக்குக் கல்லு?"

"செத்தது பேரு இல்லடா, எம்புள்ள. நீ தூக்கிக் கொஞ்சின புள்ள. அவங்கப்பன் கடையில உக்காந்துகிட்டு அவன் பேர அடிக்கறியே, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ற நாயே!"

கார்ல் அழுதான். அவன் எட்கரை நேசித்தான் என்பது பொய்யில்லை. ஆனால் பயம் பெரிசு. பயந்தவன் அழுகைக்கு என்ன மதிப்பு? ஸில்லா அவன் அழுது முடிக்கும்வரை கட்டையின் மேல் முழங்கையை ஊன்றி நின்றாள்.

"கேட்டுக்க. இன்னிக்கே இன்னொரு கடுதாசி எழுது, அதே கையெழுத்துல. ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுது. எழுதினா நீ யாருன்னு எங்கட்டை வேகறவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். எழுதலேன்னா, நாளைக்குக் காலைல இந்த வரிசையில நின்னு உன்னைப் பேர் சொல்லிக் கூப்புடுவேன், உங்கப்பன் வச்ச பேர."

"சத்தியமா சொல்ல மாட்டீங்களே?"

"எம்புள்ள மேல சத்தியம்."

மறுநாள் ஹார்ஸ்ஃபாலுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. தாயின் மனசு இளகிவிட்டது என்று அவர் உருகிப் போய் நாலு பேரிடம் சொன்னார்.

நவம்பர் ஞாயிற்றுக்கிழமை கல்லைத் திறந்தார்கள். ஊசித் தூறல். செத்தவர்களின் தாய்மார்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஸில்லாவையும் அங்கே விட்டார்கள், ஆனால் இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாகவே இருந்தது. பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. ஷாக்கிள்டன், அதன் கீழ் சிண்ட்ரிங்கர், பிறகு ஸ்டான்ஸ்ஃபீல்டு ஒருவன், சக்டன்கள் நாலு பேர், அதற்கும் கீழே சட்க்ளிஃப்கள் மூன்று பேர். விழாவுக்கு வந்த எல்லோருக்கும் சட்க்ளிஃப் கடையிலிருந்து சுடச்சுடப் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் பட்டாணி மசியலும் இலவசம். அதனால் கார்லுக்கும் முன்வரிசையில் இடம். கறுப்புக் கோட்டுப் போட்டு, முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

கல்லைத் திறந்துவைத்த கர்னலின் மனைவி வெளியூர்க்காரி. ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தவள் கார்ல் முன்னால் நின்றாள். யாரோ அவள் காதில் "மிஸ்டர் சட்க்ளிஃப்" என்றார்கள்.

"ஐயோ, சட்க்ளிஃப்ல மூணு பேரு இருக்காங்களே" என்றாள். "உங்க பிள்ளையா இதுல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவனுக்குச் சொல்ல வரவில்லை. கண் கல்லில் எட்கர் வரியில் நிலைகுத்தி நின்றது. உண்மையான கண்ணீர் வழிந்தது. கை தானாக எழுந்து அந்த வரியை நோக்கி நீண்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. ஆனால் சுற்றி நின்ற கண்களைப் பார்த்துவிட்டான். விரல் எட்கரைத் தாண்டி, ஆறு வரி கீழே இறங்கியது.

"இவன்தாம்மா" என்றான். "எங்க அண்ணன் மகன்."

பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. சலவைக்காரி மார்த்தா சட்க்ளிஃப். "யோவ், எதுல கைய வக்கிற? அது எம்புள்ள ஆல்பர்ட்டு! எம்புருஷனுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடயாது. எவன்யா நீ, எங்கிருந்துய்யா வந்தே எங்க வீட்டுச் சாவைத் திருட?"

கூட்டம் நெருங்கியது. ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அடுத்தவள் பிள்ளையின் சாவைத் தனதென்று சொல்வதைவிட ஈனத்தனம் அன்றைக்கு எங்கள் ஊரில் வேறில்லை. கர்னலின் மனைவி கையை இழுத்துக்கொண்டாள்.

"இல்ல... தப்பா... எனக்கு நெஜமாவே ஒரு அண்ணன் மகன்..." என்று கார்ல் தடுமாறினான். சுற்றிலும் பார்த்தான். அவனுக்கு அண்ணன் மகன் இருந்தான் என்று சொல்லக்கூடியவள் அந்தச் சந்தை முக்கில் ஒருத்திதான். "அவங்களக் கேளுங்க" என்று ஸில்லாவைக் கைகாட்டினான். "அவங்களுக்குத் தெரியும். அண்ணி, சொல்லுங்க!"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஏழு வருஷத்தில் முதல் முறையாக ஹெபிள்ஷா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஸில்லா கைக்குட்டையை எடுத்து எட்கர் பெயரில் வழிந்த தூறலைத் துடைத்தாள். பிறகு கார்லை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தாளா? இந்தாளு கடையில சாசேஜ் வாங்கியிருக்கேன்" என்றாள். "மத்தபடி யாரு பெத்த புள்ளயோ, எனக்குத் தெரியாது."