தலைக்கு மேல் வந்துவிட்ட அக்கா

பச்சைத் தென்னங்கீற்றுக்கு ஒரு வாசம் உண்டு. வெட்டி மறுநாள் வரைக்கும்தான் இருக்கும். கோவையிலிருந்து மாநில எல்லை தாண்டினால் வரும் எருத்தேன்பதியில் என் கல்யாணப் பந்தல் முழுக்க அந்த வாசம்...

பந்தல் இருந்தது, சமையல் இருந்தது, மாப்பிள்ளை நானும் இருந்தேன். அக்காதான் இல்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்வார்கள். கூறைப்புடவை வைத்த கூடையைச் சுமந்துகொண்டு கூடப்பிறந்தவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அது முடிந்தால்தான் பெண்வீட்டுக்குப் புறப்பாடு.

அக்காவுக்குச் சென்னையில் வேலை. லீவு கிடைப்பதற்குள் ரயில் போய்விட்டது. காலை விமானத்தில் வருகிறாள் என்று போன் வந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் விமானம் ஏறியவர் யாருமில்லை.

பெரியப்பா மகளை நிறுத்திவிடலாம் என்றார்கள். அக்கா வந்தால்தான் எழுவேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

"மெட்ராஸ்ல இருந்து கோயமுத்தூருக்கு எத்தன நேரமுங்க?" என்று கேட்டார், சீர்களை நடத்தும் அருமைக்காரர்.

"நானூறு கிலோமீட்டருக்கு மேலங்க. ஒரு மணி நேரத்துல வந்துருமாமுங்க," என்றார் அப்பா. கோயிலில் பேசுகிற குரல். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து அவர் போய்வந்த ஊர் அது.

அப்போது சத்தம் கேட்டது. கோவையில் இறங்கப் போகும் விமானம் ஒன்று எங்கள் தோப்புக்கு மேல் தாழ்ந்து வந்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். மொத்தக் கல்யாணமும் அண்ணாந்து பார்த்தது.

"நம்ம புள்ளைங்க!" என்று அப்பா விமானத்தைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பட்டதாரிதான்.

"ஊட்டுக்கு மேலயே வந்தாச்சு, அப்புறம் என்ன? கூடைய எடுங்க," என்றார் அருமைக்காரர்.

கூடை வந்தது. என்னை மணையில் உட்கார வைத்தார்கள். விளக்கு ஏற்றினார்கள்.

"கூடைய மேல வீசட்டுங்களா, புடிச்சுக்குவாளா?" என்றாள் அத்தை.

மேலே போனவள் பீளமேடு ஏர்போர்ட்டில் இறங்கி, பெட்டிக்குக் காத்து, டாக்ஸி பிடித்து, எல்லை செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்று வர வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வானத்தில் செக்போஸ்ட் வைக்க இரண்டு சர்க்காருக்கும் மறந்துபோயிருந்தது.

நல்ல நேரம் கரைந்தது. சென்னையிலிருந்து வந்ததைவிட ஏர்போர்ட்டிலிருந்து வர அதிக நேரம். வேறு வழியின்றிப் பெரியப்பா மகளிடம் கூடையைக் கொடுக்கப் போனார்கள்.

டாக்ஸி வந்தது.

அக்கா ஓடி வந்து கூடையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"நம்ம பந்தல மேல இருந்து பாத்தன்டா... உள்ளங்கை அளவுக்குப் பச்சையா இருந்துச்சு," என்றாள் காதோடு.

அப்பா அவள் தோளைத் தொட்டுப் பார்த்தார். "காத்தால மெட்ராஸ்லயா கண்ணு பல்லு வெளக்குன?"

"ஆமாங்கப்பா."

அன்று பந்திக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னது இது ஒன்றைத்தான்.

இப்போது என் மகனுக்குக் கல்யாணம். இணைச்சீருக்கு மகள் பெங்களூரிலிருந்து காலை விமானத்தில் வருகிறாளாம். முந்தின நாளே பஸ்ஸில் வா என்றேன். "ஒரு மணி நேரந்தானப்பா, போன்ல பாத்துக்குங்க, எங்க பறக்கறேன்னே தெரியும்," என்கிறாள்.

தெரியும்தான்... அந்த விமானம் எங்கள் பக்கமாக வருமா என்பதுதான் தெரியாது. இருந்தாலும் அன்று வாசலில் அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன். அப்பா இருந்திருந்தால் அவர் நின்றிருப்பார்.