மஞ்சள் கயிற்றில் தொங்கிய சாவி

குனோங் ராபாட்டில் எங்கள் வீடு. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது மோட்டார் சைக்கிள் சாவியைக் காணவில்லை. சிவப்பு வார் போட்ட சாவி. வீட்டையே புரட்டிப் போட்டேன். ஆத்திரத்தில், எங்களோடு தங்கியிருந்த மனைவியின் தம்பியுடைய சட்டையைப் பிடித்தேன்.

"நீதானடா எடுத்த? திருட்டுப் பயலே!"

"நான் தொடவே இல்லலா, மாமா." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மனைவி வாசலோர ஆணியைக் காட்டினாள். "நேத்து பூசையில வாரைக் கழட்டிட்டு மஞ்சக் கயிறு கட்டுனது நீங்கதானே?"

அந்த ஆணியைப் பத்து முறை கடந்திருப்பேன். மச்சான் இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் மேல் எனக்கு வந்த கோபமும் அடங்கவில்லை. சிவப்பைத் தேடிய என் மூளைக்கு எதிரே தொங்கிய மஞ்சள் தெரியவில்லை. திருடனைத் தேடியபோது மட்டும் அது உடனே ஓர் ஆளைக் காட்டிவிட்டது.