கோலி கொண்டுவந்த படங்கள்

துபாய் கராமாவில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறுதோறும் வருவான். ஊரில் கல்லூரிக் கால்பந்து அணிக்கு கோல் காக்கும் கோலியாக நின்றவன்; இங்கே ஒரு கம்பெனியில் டிரைவர். கல்லூரியில் பழைய விளையாட்டு அறையை இடித்தபோது, குப்பைக்குப் போகவிருந்த அணிப் படங்களையெல்லாம் அள்ளி சூட்கேஸில் போட்டு துபாய் வரைக்கும் தூக்கி வந்திருந்தான். இப்போது அணியின் வரலாற்றுக்கென்று கல்லூரி ஓர் அறை திறக்கிறது. அவர்களிடம் ஒரு படமும் இல்லை. இருப்பதெல்லாம் இவன் கட்டிலுக்கடியில்.

வாரத்துக்கு நாலைந்துதான் கொண்டுவருவான்.

"மொத்தமா குடுத்துட்டுப் போயேன்டா, ஸ்கேன் பண்ணி அனுப்பிடறேன்."

"கைக்கு வந்த பந்தை எதிர் டீமுக்குக் குடுக்கலாமாண்ணே?"

ஆளே தெரியாத பழைய அணிகளுக்கும் அவனிடம் பேச்சு இருக்கும். "இந்த மனுசனைப் பாருங்க, கோல் கோலா வாங்கித் தள்ளிட்டு மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாரு!" அந்தப் பேச்சுக்காகவே மெஷினை மெதுவாக ஓட்டுவேன்.

"உன் படம் எங்கடா?"

"எங்க செட்டு கடைசிலண்ணே. பந்தியில பாயசத்தையா மொதல்ல ஊத்துவாங்க?"

ஒரு ஞாயிறு வரவில்லை. படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். உடல் ஊருக்குப் போன பிறகு சூட்கேஸைக் கேட்டு அவன் ரூமுக்குப் போனேன்.

"அது கைப்பிடி அறுந்து கெடந்துச்சுண்ணே," என்றான் பக்கத்துக் கட்டில்காரன். "லீவுல போற ஆளுக்குக் கட்டுற மாதிரியே புதுப் பெட்டி கட்டினோம். சென்ட், பால்பவுடர், கம்பளி, ஆளாளுக்கு வாங்கிப் போட்டோம். வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

"உள்ள இருந்த படம்?"

"பழைய குரூப் போட்டோதானே? வீட்டு ஆளுங்க போட்டோவை மட்டும் எடுத்து வெச்சோம். மத்ததைக் கீழ குப்பைத் தொட்டியில..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். யாரைத் திட்டுவது? அழுதழுது பெட்டி கட்டிய பிள்ளைகள். குப்பை வண்டி வந்து போய் நாளாகியிருந்தது.

என்னிடம் இருந்ததைக் கல்லூரிக்கு அனுப்பினேன். போன வாரம் அவன் மனைவி போன் செய்தார்.

"எல்லாப் படத்தையும் மாட்டிட்டாங்கண்ணே. இவர் டீமோட நின்ன படம் மட்டும் இல்லியாம். அப்பா எங்கன்னு பையன் சுவரெல்லாம் தேடிட்டு வந்திருக்கான். உங்க கம்ப்யூட்டர்லதான் எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்வாரு."

இல்லை என்று தெரியும். இருந்தும் முதல் படத்திலிருந்து திறந்து பார்த்தேன். யார் யாரோ மார்பில் கை கட்டி நிற்கிறார்கள்.

"அவசரமில்லண்ணே, மெதுவாப் பாருங்க," என்றார் அவர். "நான் லைன்லயே இருக்கேன்."