உள்ள யாரும் இல்ல சார்

பேய், பிசாசு, காத்து, கருப்பு, எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோயிலுக்கே வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போனால்தான் போவேன். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பெயின்ட் வாடையில் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். தனபால் அண்ணன் அப்போதே அதைத்தான் சொன்னார்.

1991. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பென்னலூரிலிருந்து சைக்கிளில் பிள்ளைப்பாக்கத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரும்பு பீரோ செய்கிற சின்னக் கம்பெனி. பெயின்ட் அடித்த தகடுகளைத் தள்ளுவண்டிகளில் ஏற்றி, ஒரு அறை அளவு பெரிய ஓவனுக்குள் தள்ளி, முன்கதவையும் பின்கதவையும் சாத்தி, பர்னரைப் போட்டு வேக வைப்போம். உள்ளே விளக்கு கிடையாது. முன்கதவில் ஆபரேட்டர் தனபால் அண்ணன் நிற்பார், பின்கதவில் நான். சாத்துவதற்கு முன்னால் அவர் "உள்ள யாரு?" என்று கத்துவார். நான் எட்டிப் பார்த்துவிட்டு "உள்ள யாரும் இல்ல" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் பர்னரைத் தொடுவார். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். எட்டிப் பார்த்தேனா என்றால், இல்லை. இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஒரு நாளும் பார்த்ததில்லை. வாய் தானாகச் சொல்லும், கை தானாகச் சாத்தும்.

பக்கத்தில் ஓடு பெயர்ந்து பூட்டிக் கிடந்த ஒரு ஷெட்டில் சினிமா ஷூட்டிங் நடந்தது. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் அதைப் பெரிய படம் என்று கொண்டாடுகிறார்கள். மனம் பேதலித்த ஒருவன் ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்துக் கொல்கிற கதை. ஒரு நாள் மதியம் அவர்களுடைய உதவி இயக்குநர், கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷன், எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

"இப்ப உள்ள யாரும் இல்லன்னு கத்தினது யாருங்க?"

ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்துகொண்டே போனேன். அவர் சிரித்தார். "உங்க குரல்ல ஒரு அலட்சியம் இருக்கு. எனக்கு அதுதான் வேணும்."

எனக்கு வாட்ச்மேன் வேஷம். இன்ஸ்பெக்டர் வந்து கேட்பார், நான் "உள்ள யாரும் இல்ல சார்" என்பேன், போலீஸ் திரும்பிப் போய்விடும், உள்ளே கட்டிப்போட்டிருக்கிற ஆள் செத்துப்போவார். ஆறு விநாடிதான் என் சினிமா வாழ்க்கை. அதற்கே உதவி இயக்குநர் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். "இருக்கு, இருக்காருன்றதுக்கு கீது, கீறாருன்னு வாயில வந்துடக் கூடாது. கதை கோயம்புத்தூர்ல நடக்குது." நான் சொன்ன வசனத்தில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை. ஒரே டேக்கில் ஓகே. எங்கள் கம்பெனி ஆட்கள் முழுக்க வேலி ஓரம் நின்று விசிலடித்தார்கள், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அத்தனை பேரும் நான் சரியாகச் சொன்னதைக் காதால் கேட்டவர்கள்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பிங்குக்குக் கோடம்பாக்கம் வரச் சொன்னார்கள். ஜெனரேட்டர் இரைச்சலில் அன்று பதிவான குரல் எதுவும் தேறவில்லையாம். இருட்டு அறையில் என் முகம் பெரிதாகத் திரையில் திரும்பத் திரும்ப ஓடியது, உதடு அசையும்போது நான் பேச வேண்டும். பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் நிறுத்தினார்.

"நீ சொல்லி முடிச்சுட்ட, உன் உதடு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கே. ஷூட்டிங்ல வேற என்னமோ சொல்லியிருக்க."

"இல்ல சார், சத்தியமா இதத்தான் சொன்னேன்."

உதவி இயக்குநரும், ஷூட்டிங்கில் நான் சொன்னது அதுதான் என்றார். எட்டு தடவை பேசிப் பார்த்தோம், இழுத்துப் பேசினோம், ஒட்டவே இல்லை. கடைசியில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, பரவாயில்லை, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். எனக்குத்தான் விட முடியவில்லை. என் வாய் நான் சொல்லாத எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறதே. ஊர் திரும்புகிற பஸ்ஸில் சத்தமில்லாமல் வாயை அசைத்து ஒவ்வொரு வசனமாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டு வந்தேன். "உள்ள போவாதீங்க சார்." இல்லை. "எனக்கு இன்னா தெரியும் சார்." இல்லை. முன் சீட்டு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தபோது கிடைத்தது. எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

"உள்ள ரெண்டு பேர் கீறாங்க சார்."

கையில் பிளேடு வழுக்கித் தாடையைக் கீறிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்தே அடைமழை. கம்பெனிக்கு வந்தவர்கள் எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தோம். வழக்கம்போல முதல் லோடு ஏற்றி முன்பக்கமாகத் தள்ளினார்கள். நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கத்தினார்.

"உள்ள யாரு?"

நான் யாரும் இல்ல என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம்புவது உங்கள் இஷ்டம். நாக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு பேர் கீறாங்க!"

"டேய் சினிமாக்காரா, இன்னா டயலாக் வுட்டுக்கினு கீற? வெளையாடுற எடமா இது?" அண்ணன் திட்டிக்கொண்டே டார்ச்சோடு சுற்றி வந்தார். வெளிச்சத்தை உள்ளே அடித்தார். கடைசித் தள்ளுவண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் சுருண்டு படுத்திருந்தான். மண்ணூர் சூசை. எங்களோடு தகடு தேய்க்கிறவன். முந்தின நாள் ராத்திரி ஓவர்டைம் பார்த்துவிட்டு, காலையில் மழையில் சைக்கிள் மிதித்து வந்தவன், ஓவன் சுவரில் ராத்திரி சூடு மிச்சம் இருக்குமே, சட்டை காயட்டும் என்று உள்ளே நுழைந்து அசந்து தூங்கிவிட்டான். அண்ணன் அவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு இரண்டு அறை விட்டார். பிறகு அவரே தரையில் உட்கார்ந்து அழுதார். சூசைக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாசம். நான் வழக்கம்போலக் கத்தியிருந்தால் அவன் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேர்ன்னியே, இன்னொருத்தன் எங்கடா?"

டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். வண்டிகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. மேஸ்திரி சத்தம் போட ஆரம்பித்துவிட்டார், லோடு நிற்கிறது. அண்ணன் முன்பக்கம் போய் மறுபடி "உள்ள யாரு?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, கை மட்டும் தானாகப் பின்கதவைச் சாத்தியது. பொறுமை போய் அவரே "யாரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு பர்னரைப் போட்டார்.

டீ நேரத்தில் சூசை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏழுமல, நீ எப்ப எந்திரிச்சி வெளிய போன?"

"நான் எங்கடா உள்ள வந்தேன்?"

"வெளையாடாத. எம் முதுகாண்ட ஒட்டிக்கினு படுத்துக்கினு இருந்தியே. குளுருக்கு நல்லாத்தான் இருந்திச்சி." பிறகு என் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். "இன்னாடா, நீ இன்னும் ஈரமா கீற. அந்த ஆளு மேல ஈரமே இல்லியே."

டம்ளரைப் போட்டுவிட்டு ஓவனுக்கு ஓடினேன். பர்னரை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினேன், அண்ணன் காலில்கூட விழுந்தேன். பெயின்ட் வாடை தலைக்கேறிடுச்சி, போய்க் காத்தாட உக்காரு என்றார். லோடு வேகிற வரைக்கும் நான் அந்தக் கதவு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து ஒரு தட்டல், ஒரு சத்தம், எதுவும் இல்லை. திறந்தார்கள். தகடுகள் மட்டும்தான். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. வருகைப் பதிவில் எல்லாரும் இருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் யாரும் காணாமலும் போகவில்லை.

பொங்கல் கழிந்து படம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் கொட்டகையில் சூசையும் நானும் போய் உட்கார்ந்தோம். என் கட்டம் வந்தபோது அவன் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் என் குரல் "உள்ள யாரும் இல்ல சார்" என்றது. நான் உதட்டைப் பார்த்தேன். டப்பிங்கில் பார்த்த அதே முகம், அதே தொப்பி, அதே வெயில். உதடு மட்டும் மாறியிருந்தது. அன்றைக்குப் போல நீளமாக ஓடவில்லை. ஆனால் யாரும் என்று சொன்னால் கடைசியில் இரண்டு உதடும் ஒட்ட வேண்டும், நீங்களே சொல்லிப் பாருங்கள். ஒட்டவில்லை. அந்த இடத்தில் வார்த்தை உதடு குவிந்துதான் தொடங்கியது.

"உள்ள ஒருத்தர் கீறாரு சார்."

சூசையிடம் நான் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அவன் பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டான், நன்றாக இருக்கிறான். ஒரு உசிரு பிழைத்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதுகுக்குச் சூடாகப் படுத்திருந்த அந்த ஆளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது என் கைதானே. கம்பெனி மூடியபோது ஓவனை ஒரகடம் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார்கள். இரண்டு மூன்று கேட்டில் போய் நின்று விசாரித்தேன், செக்யூரிட்டி விரட்டிவிட்டான்.

படம் டிவியில் வரும்போதெல்லாம் அந்த ஆறு விநாடிக்காக உட்காருவேன். என்றைக்காவது அந்த உதடு ஒட்டிவிடாதா என்று பார்ப்பேன். இதுவரை ஒட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். ஆட்டோ வந்து நின்றுவிட்டது. வீட்டுக்காரி பூட்டும் கையுமாக வாசலில் நின்று கேட்டாள்.

"இன்னாய்யா, உள்ள யாரும் இல்லியே? பூட்டட்டா?"

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அறையாகப் பார்க்க உள்ளே போனேன்.