ஒரு மில்லிமீட்டர் விலகிய ஓடை

மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஜெபக்குமார் ஓடைகளை வரைவார். மேசைமேல் ஒட்டிய நிலப்படத்தில் ஓடை போகும் கோட்டின்மேல் மவுஸ் போன்ற கருவியை நகர்த்தி, வளைவுக்கு வளைவு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிய புள்ளிகளெல்லாம் கணிப்பொறிக்குள் போய் ஓடையாகும். படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் ஐம்பது மீட்டர். ஆகவே தும்மல் வந்தால் மாடிப்படிக்கு எழுந்து போய்த் தும்மிவிட்டு வருவார். ஓர் ஊரின் தண்ணீரைத் தும்மலில் தொலைத்தவன் என்ற பெயர் வேண்டாம் என்பது கொள்கை.

மண்ணையும் மழைநீரையும் காக்கவென்று அருப்புக்கோட்டைத் தொண்டு நிறுவனம் ஒன்று 1996இல் கணிப்பொறி வாங்கியது. வாடகை மலிவு என்று அதை வைத்த இடம் சௌடையாவின் விசைத்தறிக் கூடத்து மாடி. கீழே எட்டுத் தறி ஓடினால் மேலே தாலுகாவின் மேடுபள்ளமெல்லாம் நடுங்கும். மின்வெட்டு வந்தால் தறிகள் நிற்கும். கணிப்பொறியும் கூடவே கண்ணை மூடும். பத்து நிமிடம் தறியை நிறுத்தச் சொல்லி ஜெபக்குமார் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார்.

“நீங்க கோடு போட்டு ஊரக் காப்பாத்துங்க சார். நான் தறிய ஓட்டி வீட்டக் காப்பாத்துறேன்” என்றார் சௌடையா.

அன்றிலிருந்து தறிக்காரர்கள் டீ குடிக்கும் கால்மணிதான் அவருக்கு வேலை நேரம். யாராவது இரண்டாவது வடை கேட்டால் மனதார வாழ்த்துவார். மீதிப் பொழுதெல்லாம் கவலைப்பட. “கை ஆடிருச்சோ?” என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பார். மனைவி சவுந்தரம் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றுவார்.

பரளச்சி ஓடையை வரைந்த அன்று பார்த்து யாரும் இரண்டாவது வடை கேட்கவில்லை. பாதி வளைவில் எட்டுத் தறியும் கிளம்பிவிட்டன. படம் மாலைக்குள் போயாக வேண்டும். அமுக்கிவிட்டார். அந்தக் கோட்டை நம்பி மதுரை அலுவலகத்துப் பொறியாளர் தடுப்பணைக்கு இடம் குறித்து, ஆள் விட்டு அடையாள முளையும் அடிக்கச் சொன்னார். கணிப்பொறி சொன்னபிறகு தரையைப் போய்ப் பார்ப்பது அதற்குச் செய்யும் அவமரியாதை என்பது அவர் கருத்து. அந்தப் பக்கத்துக்கே கிடைத்தது ஒரே ஓர் அணை. திங்களன்று தோண்டுகிறார்கள் என்று ஜெபக்குமாருக்குத் தெரியவந்தது.

திங்களன்று முதல் பஸ்ஸில் பரளச்சிக்குப் போய் இறங்கினார். தோசைக்கல் போலச் சமமான கரிசலின் நடுவே முளை கம்பீரமாக நின்றது. மல்லிச்செடிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் நிமிர்ந்தார்.

“இங்கிட்டுத் தண்ணி ஓடி நான் பாத்ததே இல்லையே சாரு. கம்பியூட்டரு பாத்துச்சாக்கும்?”

பின்னே எங்கேதான் ஓடும் என்று கேட்டார். அந்தம்மாள் களைக்கொத்தைத் தெற்கே நீட்டினார். கருவேல மரங்களுக்கு இடையில், மணல் படிந்த பள்ளம் ஒன்று வளைந்து போயிற்று. தவறை ஒப்புக்கொண்டு முறைப்படி கடிதம் எழுதலாம். அது மதுரைக்குப் போய்த் திரும்புவதற்குள் அணையின் திறப்பு விழாவே முடிந்துவிடும். தூரத்தில் ஜீப்பின் புழுதி தெரிந்தது.

முளையைப் பிடுங்கினார். எழுபது தப்படி ஓடி, பள்ளத்தின் ஓரத்தில் கல்லால் அடித்து இறக்கினார். அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தார். ஜீப் வந்து நின்றபோது, பழைய குழியின்மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, பொறியாளருக்கு மிகுந்த பணிவோடு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.