தேவகி கொடுக்கச் சொன்ன கரைசல்

பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டும்போது போன் வந்தது. தேவகி போய்விட்டார், மாரடைப்பாம். நான் நம்பவில்லை. முந்தின நாள்தான் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "ஒட்டகத்துக்குப் பேதியானா இன்னா ஆகும்னு எவனாவது பாத்துருக்கானாப்பா?" என்று கேட்டார்.

வேலூர் ஆய்வகத்துக்கு நாங்கள் பல வருடம் ஒன்றாகப் போய்வந்தோம். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய அந்தப் புரதத்தையும் தெரிந்திருக்கும், அதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டாரே! குடலின் உட்சுவரில் இருந்துகொண்டு உப்பையும் சர்க்கரையையும் ஜோடியாக உள்ளே இழுக்கும். தண்ணீர் பின்னாலேயே போகும். "காலராவே வந்தாலும் இது மட்டும் லீவு போடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் உசிரக் காப்பாத்துறதே இதாலதான்" என்பார். யாருக்குப் பேதி என்றாலும் அவர் கைப்பையிலிருந்து அந்தக் கரைசல் பொடி ஒரு பாக்கெட் வெளியே வரும்.

சேவூரில் அவருக்குப் பக்கத்து வீடு ரேவதியுடையது. அத்தை மகனையே கட்டியவள். வீட்டில் எல்லோரும் நெசவு. பெண் குழந்தை பிறந்ததும், படித்தவர் கையால் சேனை வைத்தால் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்று தேவகியைக் கூப்பிட்டார்கள். அவரும் ஆசையாகப் போய்ச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தார். நாலாம் நாள் பேதி பிடித்தது. வேறென்ன, பாக்கெட் போனது. கொடுக்கக் கொடுக்க அதிகமாயிற்று. "இவ பாலே ஆவல, பால்ல தோஷம்" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்ல, ரேவதி வாய் திறக்காமல் அழுதாள்.

குழந்தையை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாய்வழி எல்லாவற்றையும் நிறுத்தி ட்ரிப்ஸ் ஏற்றியதும் பேதி நின்றது. கரைசலைக் கொடுத்ததும் மறுபடி வந்தது. நாங்கள் பயந்தோம். தேவகியும்தான் பயந்தார், ஆனால் "ஏன்பா நிக்குது? ஏன் திரும்ப வருது?" என்று ஓயாமல் கேட்டார். டாக்டரிடம் சொல்லி மலத்தில் கொஞ்சம் வாங்கி, நீலத் திரவத்தில் விட்டுச் சூடாக்கினார். செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை அப்படியே வெளியேறிக்கொண்டிருந்தது. தேவகி கொண்டாடிய அதே புரதம் இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. தாய்ப்பாலின் சர்க்கரைக்கும் அதை விட்டால் வழியில்லை. பழச்சர்க்கரைக்கு வேறு புரதம் உண்டு; அந்தச் சர்க்கரையை வைத்துச் செய்த பால்மாவுக்கு டாக்டர் மாற்ற, குழந்தை தேறியது.

அவர்கள் வீடு திரும்பிய அன்று பஸ்ஸில் நான் சொன்னேன்: "பொழச்சிக்கிச்சில்ல, விடுங்க. நீங்க குடுத்ததாலதான் மோசமாச்சுன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

தேவகி சேவூரில் இறங்கி நேராக ரேவதி வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன். தறியை நிறுத்தச் சொன்னார்.

"ரேவதி பால்ல ஒரு தோஷமும் இல்லீங்க. கொழந்த கொடலு சர்க்கரைய வாங்கல. அது தெரியாம மேல மேல சர்க்கரைய ஊத்துனது நான்தான். தப்பு என்னுது. இனிமே அந்தப் பொண்ண ஒரு வார்த்த சொல்லாதீங்க."

மாமியார் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. தேவகி நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். உள்ளிருந்து ரேவதி, "என் பாலு இல்லியாக்கா? நெசமாவே என் பாலு இல்லியா?" என்று சத்தம் போட்டு அழுதாள்.

போன வாரம், இரண்டு மாதமாக என் சோதனையில் ஒரு மருந்தைத் தப்பான அளவில் கலந்திருக்கிறேன் என்று தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து போய் ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். தேவகியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். சொல்லும்போது கை நடுங்கியது. அன்று அந்த வீட்டில் உங்களுக்கும் நடுங்கியதா தேவகி? உங்கள் பின்னால்தான் நின்றேன், கேட்காமல் விட்டுவிட்டேன்.